கடல் இல்லாத கடற்கரை ஊர்

நடிக்கத் தெரிந்த மனிதர்களை நீங்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். நடிக்கத் தெரிந்த ஊரைப் பார்த்ததுண்டா?

இங்கிலாந்தில் அப்படி ஓர் ஊர் இருக்கிறது. பெயர் தெட்போர்டு. நார்போக் ஜில்லாவின் தெற்கு ஓரத்தில், இரண்டு சிற்றாறுகள் கூடுகிற இடத்தில் அமைந்த சின்னஞ்சிறு பட்டணம். மாடியில் ஏறி நின்று எந்தத் திசையில் எட்டிப் பார்த்தாலும் கடல் தெரியாது. ஆனால் ஒன்பது வருஷ காலம் இந்த ஊர் டெலிவிஷனில் ஒரு கடற்கரைப் பட்டணமாக நடித்து, நாடு முழுவதையும் நம்ப வைத்தது. அதை நம்ப வைத்த நடிகர்களில் முதல்வர், குட்டையாக, குண்டாக, தலை வழுக்கையாக இருந்த ஒரு மனிதர். அவர் பெயர் ஆர்தர் லோ. அவரைப் பார்க்கத்தான் இப்போது போகிறோம். வாருங்கள்.

லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் கேம்பிரிட்ஜ் வழியாக ஈலிக்குப் போகலாம். அங்கே இறங்கி, நாரிச் போகிற வண்டிக்கு மாற வேண்டும். ஈலியைச் சுற்றிலும் தரை பலகை மாதிரி சமமாக இருக்கும், மண் கருகருவென்றிருக்கும். கொஞ்ச தூரம் போனதும் மண் மணலாகி விடும். பைன் மரங்கள் அணிவகுத்து நிற்கும். முதல் உலக யுத்தத்தில் மரத் தட்டுப்பாட்டை அநுபவித்த சர்க்கார், 1922 முதல் நட்டு வளர்த்த காடு இது. காடு வந்து விட்டதா? பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். தெட்போர்டு வந்து விட்டது.

ஊருக்குள் பழைய வீடுகளின் சுவர்களைக் கவனியுங்கள். கருங்கல்லுமல்ல, செங்கல்லுமல்ல. சிக்கிமுக்கிக் கல்லைப் பிளந்து பதித்த சுவர்கள். மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால், கறுப்புக் கண்ணாடி மாதிரி மினுமினுக்கும்.

மூன்று சிலைகள்

இந்தச் சின்ன ஊரில் மூன்று பேருக்குச் சிலை இருக்கிறது. கிங் ஸ்ட்ரீட்டில் தங்க முலாம் பூசிக் கொண்டு நிற்பவர் தாமஸ் பெயின். 1737-ல் இவ்வூரில் பிறந்து, அமெரிக்க சுதந்தரத்துக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் பேனா பிடித்தவர். 1964-ல் வைத்த சிலை. அவர் கையிலிருக்கும் புஸ்தகத்தை உற்றுப் பாருங்கள்: தலைகீழாக இருக்கும்!

ஆற்றின் நடுவே ஒரு தீவு. அதில் குதிரை மேல் அமர்ந்திருப்பவர் நம் தேசத்தவர். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங். ஐந்து வயதில் பட்டத்துக்கு வந்தவர். 1849-ல், பத்து வயதில், ராஜ்யத்தையும் கோஹினூர் வைரத்தையும் வெள்ளைக்காரர்களிடம் பறி கொடுத்தவர். பிறகு இங்கிலாந்துக்கு வந்து, 1863-ல் பக்கத்திலுள்ள எல்வடன் பண்ணையை வாங்கிக் குடியேறினார். 1893-ல் பாரிஸில் காலமான அவரை எல்வடன் மாதா கோயில் தோட்டத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள். 1999-ல், அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் இந்தச் சிலையைத் திறந்து வைத்தார். மகாராஜாவின் புத்திரர் பிரெடெரிக் இவ்வூருக்கு ஒரு பழைய வீட்டையே தானமாகக் கொடுத்தார். அது இன்றும் மியூஸியமாக இருக்கிறது.

மூன்றாவது சிலைக்குப் பீடமே கிடையாது. ஆற்றங்கரைப் பெஞ்சியில், யுத்த கால யூனிபாரத்துடன், முழங்கால்களின் மேல் ஒரு பிரம்பை வைத்துக் கொண்டு, விறைப்பாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வட்ட முகம், மூக்குக் கண்ணாடி, குட்டி மீசை. 'இந்த ஊரே என் பொறுப்பில்தான் இருக்கிறது' என்ற பாவம். பக்கத்தில் இடம் விட்டிருக்கிறது. நீங்களும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக் கொள்ளலாம். காப்டன் ஆட்சேபிக்க மாட்டார்.

முதல் இருவரும் சரித்திர புருஷர்கள். மூன்றாமவர் உயிரோடு இருந்தவரே அல்ல! காப்டன் மானரிங் என்பது ஒரு ஹாஸ்யத் தொடரில் வந்த பாத்திரம். முகம் மட்டும் ஆர்தர் லோவினுடையது. தத்துவ ஞானிக்கும் மகாராஜாவுக்கும் சமமாக ஒரு கற்பனை மனிதருக்கு ஓர் ஊர் சிலை வைத்தது என்றால், அதற்குக் காரணம் இருக்கத்தானே வேண்டும்?

துடைப்பக் கட்டைப் பட்டாளம்

1940 மே மாதம். ஹிட்லரின் படைகள் பிரான்சுக்குள் புகுந்து விட்டன. இங்கிலாந்தின் மேல் எப்போது பாய்வார்களோ என்று எங்கும் கவலை. 14-ந் தேதி இரவு யுத்த மந்திரி ஆண்டனி ஈடன் ரேடியோவில் பேசினார். பட்டாளத்தில் சேராத ஆண்கள் ஊர்க் காவலுக்கு முன்வர வேண்டும் என்றார். கிழவர்களும் வாலிபப் பிள்ளைகளும் லட்சக்கணக்கில் ஓடி வந்தார்கள். ஆரம்பத்தில் எல்லோருக்கும் துப்பாக்கி இல்லை. துடைப்பக் கட்டையையும் வைக்கோல் வாரும் கவையையும் தூக்கிக் கொண்டு கவாத்துப் பழகினார்கள்.

அந்தப் படையில் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் ஜிம்மி பெர்ரி. வளர்ந்து நடிகரான பின், டேவிட் கிராப்ட் என்ற தயாரிப்பாளருடன் சேர்ந்து, அதை ஹாஸ்யத் தொடராக எழுதினார். பெயர் 'டாட்ஸ் ஆர்மி', அதாவது 'அப்பாவின் பட்டாளம்'. 1968 ஜூலை 31 முதல் 1977 நவம்பர் 13 வரை பி.பி.ஸி. டெலிவிஷனில் 80 அத்தியாயங்கள் வந்தன. வாரா வாரம் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள் இதைப் பார்த்தார்கள்.

வால்மிங்டன் என்ற கற்பனைக் கடற்கரை ஊரின் பாங்க் மானேஜர்தான் மானரிங். தன்னைத் தானே காப்டனாக நியமித்துக் கொள்கிறார். அவருக்குக் கீழே சார்ஜண்டாக இருப்பவர் அதே பாங்கின் குமாஸ்தா வில்ஸன். ஆனால் வில்ஸன் பெரிய இடத்துப் பிள்ளை, பெரிய படிப்பு, சுபாவமான நளினம். மானேஜரோ கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தவர். மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரைக் கண்டால் பொறாமை! தொடரின் பாதித் தமாஷ் இதில்தான் இருக்கிறது.

ஒரு காட்சியைக் கேளுங்கள். ஜெர்மன் காப்டன் ஒருவன் இவர்களிடம் கைதியாக அகப்பட்டுக் கொள்கிறான். தன்னை அவமதிப்பவர்களின் பெயரையெல்லாம் குறித்துக் கொண்டு, ஜயித்த பிறகு கவனித்துக் கொள்வதாக மிரட்டுகிறான். பட்டாளத்தின் செல்லப் பையன் பைக், ஹிட்லரைக் கேலி செய்து பாடுகிறான். "உன் பெயர் என்ன?" என்று ஜெர்மானியன் அதட்டுகிறான். காப்டன் மானரிங் குறுக்கே பாய்ந்து, பெயரைச் சொல்லாதே என்று பையனுக்கு உத்தரவு போடுகிறார். அவசரத்தில் உத்தரவோடு பையனின் பெயரையும் சேர்த்துச் சொல்லி விடுகிறார்! 1973-ல் வந்த இந்த ஒரு வரிக்கு அந்த நாட்டில் இன்னமும் சிரிக்கிறார்கள்.

ஆனால் மானரிங் வெறும் கோமாளி அல்ல. இன்னோர் அத்தியாயத்தில் பாங்க் நிலவறையில், வெடிக்காத குண்டு ஒன்றை அவரும் வில்ஸனும் மடியில் வைத்துக் கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜம்பம் அடிப்பவர்தான், ஆனால் ஆபத்து வந்தால் முதல் ஆளாக நிற்பவரும் அவரே. சிரிக்கிறோம்; சிரித்த வாயோடு ஒரு மரியாதையும் வந்து விடுகிறது. ஆர்தர் லோவின் கெட்டிக்காரத்தனம் அதுதான்.

முப்பது வயதில் மேடை

ஆர்தர் லோ 1915 செப்டம்பர் 22-ந் தேதி டெர்பிஷயரில் ஹேபீல்டு என்ற கிராமத்தில் பிறந்தார். ஒரே பிள்ளை. தகப்பனாருக்கு ரயில்வேயில் உத்தியோகம்; ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனிகளுக்கு விசேஷ ரயில்கள் ஏற்பாடு செய்வார். பையனுக்கு நாடகத்தின் மேல் நாட்டம் இல்லை. கப்பலில் போக ஆசை. கண் பார்வை போதாது என்று தள்ளி விட்டார்கள். ஆகாய விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். யுத்தம் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்து மத்தியக் கிழக்கு நாடுகளுக்குப் போனார். அங்கே பாலைவனத்தில், சிப்பாய்களின் பொழுது போக்குக்காக நாடகம் போட்ட போதுதான் தமக்கு இந்த வித்தை வரும் என்று கண்டு கொண்டார்.

1945 கடைசியில், முப்பது வயதில், மான்செஸ்டரில் ஒரு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். தினம் இரண்டு ஆட்டம். வாரச் சம்பளம் 5 பவுன். அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய லாபம் ஜோன் கூப்பர் என்ற நடிகை. 1948-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது.

அப்புறம் வெகு காலம் சில்லறை வேஷங்கள்தான். 1960-ல் 'காரனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் ஜவுளிக் கடை மானேஜராக வந்தார். அதில் அவருக்கு நிச்சயமான கல்யாணம் கடைசி நேரத்தில் மணப்பெண் மறுத்ததால் நின்று போகும்! ஜனங்கள் அவரைக் கவனிக்கத் தொடங்கினார்கள். காப்டன் வேஷம் வந்த போது வயது 52. அதுவும் வேறொருவர் வேண்டாமென்று விட்ட வேஷம்.

நிஜ வாழ்விலும் மனிதர் காப்டன் மாதிரிதான். எந்தக் காட்சியிலும் தம் கால்சட்டையைக் கழற்றச் சொல்லக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக் கொண்டாராம். வசனத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க மாட்டார். கிராப்ட் பார்த்தார்; இரண்டு பிரதி கொடுத்து, ஒன்றையாவது தலையணைக்கடியில் வைத்துக் கொள்ளும்படி வேண்டிக் கொண்டாராம்! கையில் பணம் சேர்ந்ததும் 1968-ல் 'அமேஸான்' என்ற பழைய உல்லாசக் கப்பலை வாங்கினார். 1885-ல் கட்டியது. கப்பலில் சேர்க்க மாட்டோம் என்று சொன்னார்களல்லவா? கப்பலையே வாங்கி விட்டார்.

திரைக்குப் பின்னால் ஒரு மனைவி

தொடரில் காப்டனுக்கு எலிஸபெத் என்று ஒரு மனைவி உண்டு. ஒன்பது வருஷமும் அந்த அம்மாளின் முகத்தை யாரும் பார்த்ததில்லை. டெலிபோனில் காப்டன் நடுநடுங்குவார். அதிலிருந்து நாம் ஊகித்துக் கொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு தடவை, மேல் கட்டிலில் அந்த அம்மாள் படுத்திருப்பது தெரியும். எப்படி? கட்டில் கீழே தொய்ந்திருக்கும், அவ்வளவுதான்!

நிஜ மனைவியின் கதை வேறு. ஆர்தர் லோ போகிற இடமெல்லாம் ஜோனுக்கும் ஒரு வேஷம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 'டாட்ஸ் ஆர்மி'யிலும் ஒரு கிழவரின் சகோதரியாக அந்த அம்மாள் சில தடவை வந்தார். சினிமாவில் பரிசும், ஜான் கில்கூட் போன்ற மேதையோடு மேடை ஏறும் கௌரவமும் பெற்ற லோ, கடைசிக் காலத்தில் மனைவியோடு சேர்ந்திருப்பதற்காகவே வெளியூர் நாடகங்களில் அலைந்தார். உடம்பும் சரியில்லை, பேசிக் கொண்டிருக்கும் போதே தூங்கி விடுகிற வியாதி.

1982 ஏப்ரல் 14. பர்மிங்ஹாமில் மத்தியானம் டெலிவிஷனில் பேட்டி கொடுத்தார். மாலையில் அலெக்ஸாண்டிரா தியேட்டரில் வேஷ அறைக்குப் போனார். திரை எழுமுன் அங்கேயே மயங்கி விழுந்தார். மறு நாள் விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 66. அதே நாடகத்தில் ஜோனும் நடித்துக் கொண்டிருந்தார். இறுதிச் சடங்கன்று அந்த அம்மாள் பெல்பாஸ்டில் மேடையில் நின்றார்.

இதைக் கல்மனசு என்று சொல்வீர்களா? நான் சொல்ல மாட்டேன். அவர் விட்டுப் போன நாடகத்தை முடித்து வைப்பதுதான் தாம் செய்யும் சடங்கு என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருக்கலாம். 1989-ல் அவரும் கண் மூடினார்.

ஊருக்கும் ஒரு நன்றி

தொடரின் வெளிக் காட்சிகளுக்காக நடிகர்கள் தெட்போர்டுக்கு வந்து, பெல், ஆங்கர் என்ற ஹோட்டல்களில் தங்குவார்கள். பக்கத்து ஸ்டான்போர்டு பிரதேசத்தில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடக்கும். அந்த இடத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. 1942-ல் சண்டைப் பயிற்சிக்காக அங்கிருந்த கிராமங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். யுத்தம் முடிந்ததும் திரும்பி விடலாம் என்று நம்பி ஜனங்கள் வெளியேறினார்கள். திரும்பவே இல்லை. இன்றும் அது ராணுவ பூமிதான். மாதா கோயில்கள் மட்டும் நிற்கின்றன. கற்பனை ஊரைக் காப்பாற்றுவதாக நடிகர்கள் கவாத்துப் பழகிய மண், நிஜ ஊர்கள் காலியான மண்.

கில்டு ஹால் கட்டடத்தையொட்டி 'டாட்ஸ் ஆர்மி' மியூஸியம் இருக்கிறது. உள்ளூர்த் தொண்டர்களே நடத்துகிறார்கள். எல்லா நாளும் திறந்திருக்காது. விசாரித்துக் கொண்டு கிளம்புங்கள். தொடரில் வந்த கசாப்புக் கடைக்கார ஜோன்ஸின் மோட்டார் வண்டி 2012-ல் ஏலத்துக்கு வந்த போது, 63,000 பவுனுக்கு மேல் கொடுத்து இந்த ஊருக்கே மீட்டுக் கொண்டு வந்தார்கள். ஆற்றங்கரைச் சிலையை 2010 ஜூன் மாதம் திறந்தார்கள். பெர்ரி, கிராப்ட் இருவருமே அதைக் கண்ணாரக் கண்டார்கள். செய்தவர் ஷான் ஹெட்ஜஸ்-க்வின்.

ஒரே பகலில் ஊரைச் சுற்றி விடலாம். நேரமிருந்தால் நாலு மைல் தள்ளி எல்வடனுக்கும் போய், மகாராஜாவின் சமாதியில் ஒரு பூ வைத்து விட்டு வாருங்கள். நாட்டை இழந்த நிஜ ராஜா அங்கே இருக்கிறார்; இல்லாத நாட்டுப்புறத்தைக் காத்த பொய்க் காப்டன் இங்கே இருக்கிறார். இருவருக்கும் இடம் கொடுத்த ஊர் எவ்வளவு சின்னதாயிருந்தால் என்ன? மனசு பெரிசு.