மஞ்சள் தீட்டும் முன்

முற்றத்தின் நான்கு பக்கங்களையும் அளந்து முடித்த பிறகும் அவர் டேப்பைச் சுருட்டவில்லை. நுனியை என் கையில் கொடுத்து, "குறுக்க பிடிங்க தம்பி" என்று எதிர்மூலைக்குப் போனார். 16 அடி 7 அங்குலம். அடுத்த இரண்டு மூலைகளுக்குப் பிடித்தபோது 16 அடி 1 அங்குலம். கண்ணுக்குச் சதுரமாகத் தெரிந்த முற்றம் அரை அடி கோணிக்கொண்டிருந்தது.

"நாலு பக்கத்த மட்டும் எடுத்துட்டுப் போனா கம்ப்யூட்டர்ல சதுரமாத்தான் போடுவோம். நாளைக்கு மாடிப்படி வைக்கும்போது அந்த அரை அடி எங்கயாவது உதைக்கும்" என்றார். அட்டையில் செருகிய தாளில் முற்றத்தைக் கோணலாகவே வரைந்து, குறுக்குக் கோடுகள் இரண்டையும் போட்டு அளவெழுதினார்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, பெருமாள் கோயில் வீதியை ஒட்டிய தமிழர் பகுதி. வீதிக்குமேல் தெருத்தாழ்வாரம், அதன் ஓட்டைத் தாங்கும் மரத்தூண்கள், உள்ளே ஏறினால் திண்ணை, பிறகு நடை, முற்றம், பின்கட்டு, கிணறு. இருபுறமும் அடுத்த வீட்டோடு சுவர் ஒட்டியே நிற்கிறது. வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மகன் பிரான்சில். அவர் குடும்பத்தோடு வந்து தங்க மாடியில் இரண்டு அறை வேண்டும். மரபு வீடு என்பதால் வழக்கமான கட்டட அனுமதி மட்டும் போதாது. மரபுக் கட்டடங்களைப் பார்க்கும் ஆலோசனைக் குழுவின் முன்னும் வரைபடம் போக வேண்டும். அந்த வரைபடம் எப்படி உருவாகிறது என்று பார்க்கத்தான் இந்த வரைவாளரோடு நான்கு நாள் சுற்றினேன்.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்தபோது டிரேசிங் தாளில் ராட்ரிங் பேனாவால் கோடு இழுத்த காலம். தப்பானால் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்க வேண்டும்; அழுத்தினால் தாள் ஓட்டையாகிவிடும். அம்மோனியா பிரிண்ட் எடுத்து வரும் கடையில் கண் எரியும். இப்போது அலுவலகத்தில் ஆட்டோகேட். ஒரு பெண் உதவிக்கு இருக்கிறார். ஆனால் வீட்டை அளப்பது இன்றும் கையால்தான். லேசர் அளவி பையில் இருக்கிறது, நீளமான கூடத்துக்கு மட்டும் எடுக்கிறார். காரை உப்பிய சுவரில் அதன் புள்ளி எங்கே விழுகிறதோ அந்த அளவுதான் வரும். டேப்பைப் பிடிக்கிற கைக்குத்தான் சுவரின் உப்பல் தெரியும் என்பது அவர் கணக்கு. முன்சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டார். கீழே வரும்போது நூல் சுவரைவிட்டு ஒன்றேகால் அங்குலம் விலகியிருந்தது. சுவர் வீதிப் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்கு அதிகம் பிடித்தது ஈயக் கம்பி வேலை. கைப்பிடிச் சுவருக்குக் கீழே, முகப்பு நெடுகச் சுண்ணாம்புக் காரையில் இழுத்த ஒரு பட்டை ஓடுகிறது; வளைவும் பள்ளமும் விளிம்புமாக நான்கைந்து மடிப்பு. அதை டேப்பால் அளக்க முடியாது. ஏணியில் ஏறி, சால்டரிங் கம்பிபோல மெத்தென்ற ஈயக் கம்பியை அந்த மடிப்புகளில் விரலால் அழுத்தி அழுத்திப் பதித்தார். அசையாமல் எடுத்து, கீழே தாள்மேல் கிடத்தி, பென்சிலால் ஓரம் வரைந்தார். யாரோ ஒரு கொத்தனார் எந்தக் காலத்திலோ தகட்டு அச்சு வைத்து இழுத்த வளைவு அப்படியே தாளுக்கு வந்துவிட்டது. பென்சில் கோடு முடியும்வரை நான் மூச்சுவிட்டேனா என்றே தெரியவில்லை.

இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு பிளான் உண்டு. வேறு யாரோ, வீட்டுக்கு வராமலேயே, போனில் கேட்டுப் போட்டது. அதை அவர் மேசைமேல் விரித்துக் காட்டினார். 'இப்போது உள்ளது' என்ற தலைப்பின் கீழ் நான்கு பெட்டிகள்: கூடம், அறை, சமையல், கழிப்பறை. திண்ணை இல்லை. தெருத்தாழ்வாரம் இல்லை. மரத்தூண் ஒன்றுகூட இல்லை. குறுக்குவெட்டுப் படத்தில் கூரைக்கு நேராக '5 அங்குல ஆர்.சி.சி.' என்று எழுதியிருந்தது. அந்தக் கூரையில் நான் முந்தைய நாள்தான் நின்றேன். பின்கட்டில் ஓரம் உடைந்த இடத்தில் அதன் அடுக்குகள் திறந்து கிடக்கின்றன: தேக்குக் கட்டைகள், அவற்றின்மேல் நிறுத்தி வைத்து அடுக்கிய மெல்லிய ஆச்சிக்கல், அதற்குமேல் அடித்து இறுக்கிய சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. அசல் மெட்ராஸ் டெரஸ். இதை ஆர்.சி.சி. என்று நம்பி ஒரு எஞ்சினியர் பாரம் கணக்கிட்டு மாடி ஏற்றினால் என்ன ஆகும் என்று நினைக்கவே வயிறு கலங்குகிறது.

அனுமதிக்குப் போகும் வரைபடத்தில் வண்ணங்களுக்குப் பொருள் உண்டு. உள்ள கட்டடம் கருப்புக் கோடு. புதிதாகக் கட்டுவது சிவப்பு. இடிக்கப்போவது மஞ்சள். குழுவில் உட்கார்ந்திருப்பவர் முதலில் தேடுவது மஞ்சளைத்தான். அந்தப் பழைய பிளானில் வீதிமுகப்பில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. ஏனென்றால் திண்ணையே வரையப்படவில்லை. சிவப்பில் ஒரு கார் நிறுத்துமிடம் மட்டும் இருந்தது. தாளில் இல்லாத திண்ணையை இடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இப்படித்தான் தமிழர் பகுதியில் எத்தனையோ வீடுகள் சத்தமில்லாமல் போயிருக்க வேண்டும். கடப்பாரை விழுவதற்குப் பல மாதம் முன்பே, ஒரு மேசைமேல், அளக்காமல் விட்ட அளவில் அவை இடிந்துவிட்டன.

"2014 நவம்பர் மழையில நகராட்சியோட மேரி கட்டடம் விழுந்துச்சில்ல, திரும்ப அதே மாதிரி எழுப்பினாங்க. அது ஊருக்கே தெரிஞ்ச கட்டடம், போட்டோ இல்லாத வீடு கிடையாது. இந்த வீடு விழுந்தா யார்கிட்ட போய் அளவு கேப்பீங்க?" என்றார். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை, வைசியாள் வீதியின் முகப்பு வரிசை என்று பேர்பெற்ற இடங்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறது. பேரில்லாத வீட்டுக்கு இந்த அட்டைத் தாள்தான்.

கார் நிறுத்துமிடத்தைப் பற்றி மகனோடு போனில் வெகுநேரம் பேசினார். திண்ணை உயரம், வாசல் அகலம், தெருத்தாழ்வாரம் மூன்றையும் சொல்லி, கார் உள்ளே வர எதெது போக வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். அதட்டவில்லை, உபதேசிக்கவில்லை. மறுமுனையில் சற்று மௌனம். பிறகு, "அம்மா சாயங்காலம் உக்காருற இடமாச்சேண்ணே, வேணாம் விடுங்க" என்று பதில் வந்தது.

மாடி அறைகளுக்கு அவர் கண்ட வழி ஒரே ஒரு கோடு. எதிர்ச்சாரியில் நிற்பவரின் கண் 5 அடி உயரத்தில் இருக்கும். வீதி 24 அடி. முகப்பின் கைப்பிடிச் சுவர் உச்சி 16 அடி. குறுக்குவெட்டுப் படத்தில் கண்ணிலிருந்து அந்த உச்சியைத் தொட்டு மேலே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டுக்குக் கீழே இருப்பது எதுவும் வீதியிலிருந்து தெரியாது. முகப்பிலிருந்து 30 அடி உள்ளே, முற்றத்தைத் தாண்டிய பின்கட்டில், கோடு ஏறக்குறைய 30 அடி உயரத்தில் போகிறது. புதிய அறைகளின் உச்சி 26 அடிதான். அந்தப் பாரத்தைப் பழைய டெரஸ் சுமக்காமல் இருக்க, தனித் தூண்கள். மஞ்சள், பின்னால் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் குளியலறைக்கு மட்டும்.

முகப்புப் படத்தில் இந்த வீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இடமும் வலமும் இரண்டிரண்டு வீடுகளையும் வரைந்தார்கள். தாழ்வார ஓட்டின் வரி ஐந்து வீட்டுக்கும் ஒன்றாக ஓடுவதை அந்தத் தாளில்தான் முதன்முதலாகக் கவனித்தேன். வீதியில் ஸ்கூட்டர்களும் மின்கம்பிகளும் அதை மறைத்திருந்தன.

நான்காம் நாள் மாலை பிரிண்டை எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கப் போனோம். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து, தாளை மடியில் விரித்து, வாசலிலிருந்து விரலாலேயே நடந்துபோனார். நடை, முற்றம், சமையல்கட்டு, கிணறு. பின்கட்டில் விரல் நின்றது.

"ஆட்டுக்கல்ல எங்கப்பா காணோம்?"

வரைவாளர் குனிந்து பார்த்தார். மாடிப்படியின் முதல் படி சிவப்பில் நின்றிருந்த இடம் அது. தரையில் பதித்த கல். அதன்மேல் பழைய சாக்கு போட்டு மூடியிருந்ததை நாங்கள் யாரும் தூக்கிப் பார்க்கவில்லை.

"தப்புதாம்மா. இப்பவே எடுத்துக்கிறேன்" என்று எழுந்தார். நான் சாக்கை விலக்கினேன். உதவிக்கு வந்த பெண் டேப்பின் நுனியைக் கிணற்றடிச் சுவரில் ஒட்டிப் பிடித்தார்.

"4 அடி 2 அங்குலம்ண்ணே."

"மதில்லேருந்தும் ஒண்ணு பிடிம்மா" என்றார் அவர், பென்சிலைத் தேடிக்கொண்டே.