தாழ்ந்த இமையும் ஒரு மறுப்புக் கடிதமும்

கண்ணை இமை காப்பதுபோல் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். காக்க வேண்டிய இமையே பார்வையை மறைத்துவிடும் நிலையும் உண்டு என்பதை, நமது பங்கைச் சேர்ந்த ஓட்டுநர் ஒருவர் வழியாக அண்மையில் உணர்ந்தோம்.

தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சாரல் காலத்தில் வேன் ஓட்டிப் பிழைப்பவர் அவர். ஈராண்டுகளாக மோவாயை உயர்த்தியே எவரையும் பார்த்தார். செருக்கு என்றனர் சிலர். குடி என்றனர் வேறு சிலர். தொங்கிய இமைகளுக்கு அடியில் அவர் சாலையைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. புருவத்தைத் தூக்கித் தூக்கி நெற்றியும் வலித்திருக்கிறது.

மேல் இமையை உயர்த்தும் தசையின் நார், வயதாகும்போது தளர்ந்து நழுவுவதே முதியோரிடம் இதற்குப் பெரும்பாலும் காரணம். கண்மணியின் நடுவே விழும் ஒளிப்புள்ளிக்கும் மேல் இமையின் விளிம்புக்கும் இடையே இயல்பாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இருக்கும். அது 2 மில்லிமீட்டராகக் குறைந்தால் மேற்பக்கப் பார்வை மறைகிறது. தளர்ந்த நாரை இழுத்து மீண்டும் தைப்பதே சிகிச்சை. தசைக்கு வலுவே இல்லையெனில் இமையை நெற்றித் தசையோடு இணைப்பர்.

எல்லாத் தொய்வும் முதுமையால் வருவதன்று. இமை திடீரெனத் தாழ்ந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்; மூளை இரத்தக்குழாயின் கோளாறாகவும் இருக்கலாம். குழந்தையின் கண்மணியை இமை மறைத்தால், அக்கண்ணின் பார்வை வளராமலே போகக்கூடும். அங்கே தாமதம் கூடாது.

நம் ஓட்டுநர் மனைவியின் வளையல்களை அடகு வைத்து அறுவை செய்துகொண்டார். ஆண்டுதோறும் தவறாமல் சந்தா கட்டிய காப்பீட்டு நிறுவனமோ, "இது அழகுக்கான அறுவை" என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. கடிதத்தோடு நம்மிடம் வந்தார்.

பத்திரத்தைப் படித்தோம். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளில், தோற்றத்தை மாற்றும் சிகிச்சையும் ஒன்று. விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்திய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்கத் தேவையான சிகிச்சைக்கும் அந்த விலக்கு பொருந்தாது. ஆனால் தேவை என்பதை மருத்துவர் எழுத்தில் சான்றளிக்க வேண்டும். ஆக, முழு வழக்கும் ஒரே கேள்வியில் நின்றது: அழகா, பார்வையா?

அதற்கு விடை சொல்வது அளவுகளே. இமையின் அளவு, அறுவைக்கு முன் எடுத்த நிழற்படம், இமை தாழ்ந்தபடியும் ஒட்டுநாடாவால் உயர்த்தியும் இருமுறை செய்யும் பார்வைப்புலச் சோதனை ஆகியவை வேண்டும். நல்லவேளையாக மருத்துவர் இவற்றைப் பாதுகாத்திருந்தார். அவற்றை இணைத்து மறுபடியும் எழுதினோம். மூன்று மாதம் கழித்துப் பணம் வந்தது. வந்திராவிட்டால், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிட்டிருப்போம். அதற்குக் கட்டணம் ஏதுமில்லை.

படிப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்வது நல்லது. இச்சான்றுகளை அறுவைக்கு முன்பே பெற்று, நிறுவனத்தின் முன் அனுமதியையும் கேட்டுவிட வேண்டும். தைத்து முடிந்த இமை, முன்பு எவ்வளவு தாழ்ந்திருந்தது என்று சாட்சி சொல்லாது. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், இச்சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

அவரைச் செருக்கர் என்ற ஊரும், அழகு தேடியவர் என்ற நிறுவனமும் ஒரே வழியில்தான் சென்றிருக்கின்றன. முகத்தைப் பார்த்தார்கள், அந்த முகத்துக்குள்ளிருந்து எவ்வளவு தெரிகிறது என்று எவரும் கேட்கவில்லை.