ஒத்திவைத்த கூட்டம்



சென்ற ஞாயிறு கூடவேண்டிய சபைக் கமிட்டியை மூன்று வாரங்களுக்குத் தள்ளிவைத்தேன். மழையைக் காரணமாக அறிவித்தேன். மழை பெய்தது உண்மையே. ஆயினும் மண்டபக் கட்டடக் கணக்கில் என் கருத்தை மறுப்போரே அதிகம் என்று அறிந்திருந்தேன். அவர்களில் இருவரையாவது அதற்குள் தனியே சந்தித்து இணங்கச் செய்யலாம் என்பதே என் உள்ளக்கருத்து.

அன்று மாலை மயிலாப்பூரிலிருந்து அடையாறு நோக்கித் திரும்புகையில், திரு.வி.க. பாலத்தின் நெரிசலில் நின்றபோது, இலங்கை நினைவுக்கு வந்தது. 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். மறுநாளே பாராளுமன்றத்தை நவம்பர் 16 வரை ஒத்திவைத்தார். புதிய பிரதமருக்குப் பெரும்பான்மை இல்லை. ஆள் சேர்க்க நாட்கள் தேவைப்பட்டன. சேரவில்லை. நவம்பர் 9 அன்று பாராளுமன்றத்தையே கலைத்தார். அக்கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர்.

கலைத்ததைக் காட்டிலும் ஒத்திவைத்ததே என்னைக் கலங்கச் செய்கிறது. ஏனெனில் ஒத்திவைக்கும் அதிகாரம் அவருக்குச் சட்டத்திலேயே இருந்தது. கமிட்டித் தலைவராகிய எனக்கும் இருக்கிறது.

அவ்வதிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; எந்த அவையும் ஓய்வின்றிக் கூடியிருக்க இயலாது. நம் நாட்டிலும் அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் சட்டமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைக்கிறார். இரு கூட்டத்தொடர்களுக்கு இடையே ஆறு மாதம் கடக்கலாகாது என்பதே 174ஆம் பிரிவு இடும் வரம்பு. (ஆறு மாதத்தில் எத்தனை பேரை இணங்கச் செய்யலாம்!) ஆனால் தன்னை எண்ணிப் பார்க்கவிருக்கும் அவையைத் தானே பூட்டுவது வேறு. 2019இல் பிரிட்டனின் போரிஸ் ஜான்சன் அரசு ஐந்து வாரங்கள் அப்படிச் செய்தபோது, தக்க காரணம் காட்டப்படவில்லை என்று பதினொரு நீதிபதிகளும் அதைச் செல்லாததாக்கினர். காரணத்தை வெளிப்படையாகச் சொல்லக் கூசுபவன் ஒத்திவைக்கக் கூடாது என்பதே என் துணிபு.

ராஜா நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று பிரதியெடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறது உபாகமம் 17ஆம் அதிகாரம். செமினரியில் இதை வாசித்தபோது மனனப் பயிற்சி என்றே எண்ணினேன். நம் சபை விதிகளின் பிரதியைச் செவ்வாயன்று தேடி எடுத்தேன், தூசி படிந்திருந்தது.

கமிட்டி இந்த ஞாயிறே, இரண்டாம் ஆராதனை முடிந்ததும் கூடும். கணக்கேடு பொருளாளரிடம் இருக்கிறது; எவரும் பார்க்கலாம். அந்த இருவரையும் நான் சந்திக்கவில்லை.