கொட்டையின் நடுக்கோடு

கடலூர் முதுநகரில் மளிகைக் கடைக்குப் போய்க் காப்பிக்கொட்டை வாங்குகிற குடும்பஸ்தர்கள் பலருக்கும், விலை உயர்ந்ததே தரத்திலும் உயர்ந்தது என்ற அபிப்பிராயம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. என் வீட்டுக்கு வேண்டிய கொட்டையை நானே பார்த்து வாங்கி, கை மில்லில் நானே அரைத்து, டிகாக்ஷனும் நானே இறக்கி வருகிறவன் என்ற பாத்தியதையில், நடுத்தர விலைக்கு உத்தமமான காப்பி கிடைக்கும் என்று நிச்சயமாகச் சொல்லுவேன்.

கடைக்காரர் ‘பிளாண்டேஷன் ஏ’ என்று பெருமையோடு எடுத்துக் காட்டுவது, பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகாக் கொட்டை. அதன் பின்னால் வரும் ஏ, பி என்ற எழுத்துகள் முக்கியமாகச் சல்லடையின் கணக்கு, 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் பெரும்பகுதி நிற்பது ஏ, 6 மில்லிமீட்டர் துளையில் நிற்பது பி. ஒரே மலையில் ஒரே பருவத்தில் பறித்து, ஒரே விதமாகக் கழுவப்பட்ட இரண்டில், பருமன் சற்றுக் குறைந்த குற்றத்திற்காக மலிவாக விற்கப்படும் ‘பி’யை நான் மனமுவந்து வாங்குகிறேன். பழத்துக்குள் ஒற்றை விதையாகத் திரண்டு, பட்டாணிபோல் உருண்டிருக்கும் பீபெரியின்மேல் நம் ஜனங்களுக்குள்ள அபிமானம் நியாயமானதே. ஆனால் அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது அவரவர் சௌகரியம்.

வறுத்த கொட்டையைச் சிறிது உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். நடுக்கோடு வெளிறித் தெரிந்தால் அது கழுவிய கொட்டை. கோடும் கறுத்திருந்தால் பழத்தோடு உலர்த்திய ‘செர்ரி’யாகவோ, அளவு மீறி வறுத்ததாகவோ இருக்கலாம். மேலெல்லாம் எண்ணெய் மினுங்கினால், கருக வறுத்ததோ, வறுத்து நாளானதோ என்று சந்தேகப்பட வேண்டும். ஒன்றை விரலிடையில் நொறுக்கி முகர்ந்தால், அந்தச் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்; பழங்கொட்டையில் பரிமளம் போய், சிக்கெண்ணெய் வாடைதான் மிஞ்சியிருக்கும்.

ரோபஸ்டாவை இழிவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அராபிகாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு காபீன் உள்ள அதை நாலில் ஒரு பங்கு சேர்த்தால், பாலுக்கு ஈடு கொடுக்கும் கனம் டிகாக்ஷனுக்கு வருகிறது, செலவும் குறைகிறது. சிக்கரி விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதும், விகிதத்தைப் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பதும் சட்டம். அந்தப் பொடி எழுத்தைப் படியாமல் விலையை மட்டும் ஒப்பிடுகிறவர், 60 சதவீதம் காப்பி உள்ளதையும் 80 சதவீதம் உள்ளதையும் ஒன்றாகவே எண்ணி வாங்குகிறார். குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை தூவினால் காப்பித்தூள் சற்று நேரம் மிதக்க, சிக்கரி உடனே பழுப்பு நிறத்தைக் கரைத்துக்கொண்டு கீழிறங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

நம் கடலூர்க் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ஈரக்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சிக்கரி கலந்த தூள் டப்பாவுக்குள்ளேயே கட்டியாகிவிடும். ஆகையால் அந்த மாதங்களில் 100 கிராமுக்கு மேல் ஒரு தடவையில் வாங்குவதில்லை. அதையும் கொட்டையாகவே வாங்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்கிறேன். காரியமாகச் சிதம்பரம் போகும்போது, தேர் வீதிப் பக்கம் வறுக்கும் வாசனை வருகிற கடையாகப் பார்த்து, எந்தக் கிழமை வறுக்கிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, அடுத்த பிரயாணத்தை அந்தக் கிழமைக்கே அமைத்துக்கொள்ளுவது என் வழக்கம்.