படத்துக்குள் மாட்டிக்கொண்ட கடைசித் தேதி

பெரும்பாக்கம் குடியிருப்பில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்துக்கு வரும் மாணவி ஒருத்தி, தான் செய்த முதல் வலைப்பக்கத்தைக் காட்டினாள். யூடியூப் பார்த்தே எச்டிஎம்எல் கற்றவள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு யார் விண்ணப்பிக்கலாம், என்னென்ன சான்றிதழ் வேண்டும், கடைசித் தேதி எது என எல்லாம் அதில் இருந்தது. நீலப் பின்னணி, மேலே அண்ணல் படம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றே எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் கீழ்த்தளத்துத் தம்பி கூப்பிட்டான். பி.ஏ. இரண்டாம் ஆண்டு, பார்வை கிடையாது. "அண்ணா, நீங்க அனுப்புனதுல என்னதான் இருக்கு? எனக்கு 'இமேஜ், இமேஜ்'னு மட்டும்தான் சொல்லுது."

அவன் போனில் இருக்கும் டாக்பேக் எழுத்தைத்தான் படிக்கும். அவளோ தேதியையும் சான்றிதழ் பட்டியலையும் சுவரொட்டி மாதிரி வடிவமைத்து, படமாக ஒட்டியிருந்தாள். அந்தப் படத்துக்கு 'ஆல்ட்' விவரமும் இல்லை. கடைசித் தேதிக்கு நான்கு நாள்தான் பாக்கி. அவன் வருமானச் சான்றிதழே வாங்கியிருக்கவில்லை.

தப்பு அவளுடையது அல்ல. திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பியவன் நான்.

அன்று இரவே மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் அம்மாவின் பழைய போனில் திறந்தால், 4 எம்பி சுவரொட்டி வரவே ஒரு நிமிடம் ஆனது. வந்த பிறகும் எழுத்தெல்லாம் எறும்பு. 'வியூபோர்ட்' வரி விட்டுப்போயிருந்தது. அது இல்லையென்றால் போன் பிரௌசர் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு மொத்தத்தையும் சுருக்கிவிடும். ஒரு வரி சேர்த்ததும் சரியானது. சுவரொட்டியை எடுத்துவிட்டு அதிலிருந்ததைத் தட்டச்சு செய்தோம். வெள்ளையில் இளஞ்சாம்பல் எழுத்து கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப் வெயிலில் யாருக்கும் தெரியாது, கறுப்பாக்கினோம். எங்கிருந்தோ நகலெடுத்ததில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே இருந்தது. தமிழ் என்று மாற்றினால்தான் திரைவாசிப்பான் தமிழ்க் குரலை எடுக்கும்.

படிவத்தில்தான் சண்டை. பெயர், போன் நம்பர் பெட்டிகளுக்கு வெளியே லேபிள் இல்லை. உள்ளே மங்கலாக ஒரு குறிப்பு மட்டும், தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அதுவும் போய்விடும். "லேபிள் போட்டா அசிங்கமா இருக்குண்ணா" என்றாள். "எனக்கு அழகாத்தான் கேக்குது" என்றான் தம்பி. சிரித்துக்கொண்டே போட்டாள்.

அண்ணல் படத்துக்கு ஆல்டில் 'படம் 1' என்று எழுதினாள். "எந்த அம்பேத்கர்? கோட்டு போட்டவரா, கையில புத்தகம் இருக்கா?" என்று அவன் விடவில்லை. கடைசியில் 'நீலக் கோட்டில், கையில் அரசியலமைப்புச் சட்டத்துடன் அம்பேத்கர்' என்றானது. படத்தையும் 60 கேபிக்குச் சுருக்கினோம்.

இந்த உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அப்போது அண்ணல் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினர். இணையத்தை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்ற ஒருவரும் போட்ட வழக்குகள் அவை. அரசுத் தளங்களைக் கேள்வி கேட்க அந்தத் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு போகிறோம், போகத்தான் வேண்டும். ஆனால் நம் இயக்கங்கள் வெளியிடும் துண்டறிக்கை முழுக்க ஜேபெக் படம்தானே, தோழர்களே? பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பிடிஎஃப்கள் வேறு. டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் அறிக்கையை ஒருமுறை கேளுங்கள்.

மறுநாள் காலை இ-சேவை மையத்தில் நாங்கள்தான் முதல் ஆள். சான்றிதழ் கடைசி நாள் மதியம் கைக்கு வந்தது. இரவு பதினோரு மணிக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அவள் இப்போது அடுத்த பக்கம் செய்கிறாள்: எந்த பிளாக்கில் லிஃப்ட் ஓடுகிறது, எதில் நின்றுபோயிருக்கிறது என்று. முதலில் தம்பி கேட்டுப் பார்த்துச் சரி என்ற பிறகுதான் குழுவில் போடுவேன்.