சக்கரத்தின் மேல் நாற்பதடி வீடு

நீங்கள் குடியிருக்கும் வீட்டை ஒரு முறை மனத்தால் அளந்து பாருங்கள். முன்னே அஞ்சடி, அதையடுத்துக் கூடம், ஒன்றோ இரண்டோ அறை, பின்னால் குசினி. இந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி, அங்கே மோட்டார் சைக்கிளைத்தான் நிறுத்த வேண்டும், சமைப்பதும் படுப்பதும் மீதி இடத்தில்தான் என்று யாராவது சொன்னால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா? வீட்டுக்காரிதான் சும்மா இருப்பாளா? அமெரிக்காவில் அப்படிப்பட்ட வீட்டை ஆசையோடு விலை கொடுத்து வாங்கி, மாதக்கணக்கில், ஏன், ஆண்டுக்கணக்கில் அதிலேயே வாழ்கின்றவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குச் சக்கரமும் உண்டு.

அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டாய் ஹாலர்’. விளையாட்டுச் சாமான் சுமக்கும் வண்டி என்று பொருள். விளையாட்டுச் சாமான் என்றதும் மரப்பாச்சி, பம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். மோட்டார் சைக்கிள், மணல்மேட்டில் ஏறி இறங்கும் நான்கு சக்கர வண்டி, இவைதாம் அங்கே பெரியவர்களின் விளையாட்டுச் சாமான்கள். வண்டியின் பின்சுவர் முழுவதும் ஒரே கதவு. அதைக் கீழே சாய்த்தால் தரையைத் தொடும் பலகையாகிவிடும். அதன் மேல் மோட்டாரை உருட்டி உள்ளே ஏற்றி, தரையில் பதித்திருக்கும் இரும்பு வளையங்களில் வாரினால் இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். முன்பக்கத்தில் குசினி, குளியலறை, படுக்கை எல்லாம் உண்டு. இழுத்துச் செல்ல ஒரு பெரிய பிக்கப் லோரி வேண்டும். இவ்வகை வீட்டு வண்டிகள் பெரும்பாலும் இண்டியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் செய்யப்படுகின்றன. எங்கும் இதே தொழில்தான் என்பதால், இந்த வண்டிகளுக்கென்றே அங்கே ஒரு பொருட்காட்சிசாலையும் உண்டு.

2019-ஆம் ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் அரிசோனா மாநிலத்தில் வேலை செய்யும் என் மைத்துனர் அழைப்பின்பேரில் நானும் என் மனைவியும் அங்கே சென்றிருந்தோம். அவர் எங்களைக் குவார்ட்சைட் என்னும் சிற்றூருக்கு அழைத்துப் போனார். பீனிக்ஸ் நகரிலிருந்து மேற்கே ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். கலிபோர்னியா எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது. பச்சை என்பதே கண்ணுக்குப் படாத பாலைவனம். ஆங்காங்கே கள்ளிச்செடிகள் மட்டும் தூண்களைப்போல் நிற்கின்றன. பால்மரத்து நிழலிலேயே வளர்ந்தவர்களுக்கு அந்த வெளியைப் பார்த்தால் முதலில் ஒருவித அச்சம்தான் உண்டாகிறது.

அந்த ஊரில் ஒரு கல்லறை இருக்கிறது. அமெரிக்கப் படை 1856-இல் பாலைவனப் போக்குவரத்துக்காக ஒட்டகங்களை வரவழைத்துப் பரீட்சித்துப் பார்த்தது. அவற்றை ஓட்டுவதற்காக வந்தவர்களில் ஒருவர் ஹாஜி அலி. ஊரார் வாயில் அந்தப் பெயர் ‘ஹை ஜாலி’ ஆகிவிட்டது. 1902-இல் அவர் மறைந்தார். பிரமிடு வடிவத்தில் கல்லடுக்கி, உச்சியில் உலோக ஒட்டகம் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வீட்டை முதுகில் சுமந்து திரிகின்ற கூட்டம் கூடுகிற ஊரில் அந்த ஒட்டகம் நிற்பது பொருத்தமாகவே எனக்குப் பட்டது.

ஊருக்குத் தெற்கே அரசாங்க நிலம் பரந்து கிடக்கிறது. ‘லா போசா’ என்பது அதன் பெயர். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தி அனுமதி பெற்றவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி வாழலாம். 1983-இல் ஏற்பட்ட ஏற்பாடு இது. தண்ணீர் பிடிக்கவும், கழிவு நீரைக் கொட்டவும், குப்பை போடவும் இடம் உண்டு. மின்சாரக் கம்பி கிடையாது. வடக்கே பனி கொட்டும் மாநிலங்களிலிருந்து முதியவர்கள் குளிர்காலம் முழுவதையும் இங்கே கழிக்க வருகிறார்கள். சிலருக்கு வேறு வீடே இல்லை.

மைத்துனருக்குப் பழக்கமான ஒரு தம்பதியர் அங்கே இருந்தார்கள். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். வீட்டை விற்றுவிட்டு மூன்றாம் ஆண்டாக வண்டியிலேயே குடியிருந்தார்கள். அவர்களுடையது நாற்பதடி நீளம். அகலம் எட்டரை அடி. அந்நாட்டு நெடுஞ்சாலையில் அதற்கு மேல் அகலம் போக முடியாது. வாத்தியார் அல்லவா, கணக்குப் போடாமல் இருக்க மனம் வரவில்லை. 340 சதுர அடி. அதில் பின்னால் பன்னிரண்டு அடி மோட்டாருக்கு. 102 சதுர அடி போயிற்று. மிச்சத்தில்தான் இரண்டு பேர் சமைத்து, குளித்து, உறங்கி, சண்டை போட்டு, சமாதானமாக வேண்டும்.

நிறுத்திய பிறகு அந்த வண்டி சற்றே பெருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். விசையை அழுத்தினால் பக்கச் சுவரின் ஒரு பகுதி மேசை இழுப்பறையைப்போல் வெளியே நகர்ந்து, கூடத்துக்கு இரண்டு மூன்று அடி கூடுதல் அகலம் கொடுக்கிறது. வழியில் ஓரமாக நிறுத்தி ஒரு கோப்பி கலக்கலாம் என்றால் அது உள்ளே மடங்கிக் கிடக்கும். சில வண்டிகளில் குளிர்பெட்டியைத் திறக்கவே இடம் இராது.

இந்த வண்டிகளில் இரண்டு வகை. ஒன்றில் மோட்டார் அறைக்கும் வீட்டுக்கும் இடையே சுவரும் கதவும் உண்டு. மற்றதில் தடுப்பே இல்லை. மோட்டாரை வெளியே இறக்கினால் அந்த இடமே கூடம். சுவரோடு மடித்து வைத்த நாற்காலிகளை விரிக்கலாம். கூரையோடு ஒட்டித் தூக்கி வைத்திருக்கும் கட்டிலை இரவில் மின்விசையால் இறக்கிப் படுக்கலாம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. அந்தத் தம்பதியர் வாங்கியது இந்தத் தடுப்பில்லாத வகை. விடுமுறைக்குப் பத்து நாள் போகிறவர்களுக்கு இதுவே சிறந்தது என்றும், ஆண்டு முழுவதும் வாழ்கிறவர்களுக்கு அது வேறு கதை என்றும் அந்த அம்மையார் சொன்னார்.

ஏன் என்று கேட்டேன். அவர் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

பெட்ரோல் வாடை! மோட்டார் உள்ளே இருந்தால் போர்வை, தலையணை, ரொட்டி எல்லாவற்றிலும் அது ஏறிவிடுகிறதாம். வெறும் வாடை என்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து அடுப்புப் பக்கம் போனால் ஆபத்து. அதற்காகச் சுவரின் அடிப்பாகத்தில் காற்றுத் துவாரம் வைத்திருக்கிறார்கள். நச்சுவாயு வந்தால் கத்தும் மணியும் இருக்கிறது. அந்தத் துவாரம் வழியாகவும், பின்கதவின் இடுக்கு வழியாகவும் இரவில் பாலைவனக் குளிர் உள்ளே வரும். புழுதி வரும். எலியும் வரும். சுவர் வைத்த வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், சுவரை வைத்தால் வீடு என்பது இருபத்தைந்து, முப்பது அடிக்குள் முடிந்துவிடும்.

பகலில் மோட்டார் வெளியே நிற்கலாமே என்பீர்கள். நிற்கத்தான் செய்கிறது. மழை வந்தாலோ, புழுதிக் காற்று எழுந்தாலோ, வெளியே போகப் புறப்பட்டாலோ சும்மா இருந்த கூடத்தை மடித்து, மோட்டாரை உள்ளே ஏற்ற வேண்டும். நாற்காலி, துணிக்கொடி, பாதி தைத்த துணி எல்லாம் படுக்கைமேல் ஏறும். பிறகு எல்லாவற்றையும் திரும்ப இறக்க வேண்டும். அம்மையார் தையல் தெரிந்தவர். பழைய துணித் துண்டுகளை இணைத்துப் போர்வை தைப்பார். மூன்று ஆண்டுகளில் தையல் இயந்திரத்தை ஒரே இடத்தில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வைத்ததில்லை என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் என் மனைவிக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. வண்டிக்குத் திரும்பும் வழியில், “அந்த மனுசனுக்கு இரண்டு வண்டி நிற்க இடம் இருக்கு, அந்த அம்மாவுக்கு ஒரு மிசின் வைக்க இடமில்லையே,” என்றாள்.

இரண்டு வண்டி என்றது உண்மைதான். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு மணல் வண்டி. மணல் வண்டியில் போவது கணவருக்கு உயிர். கலிபோர்னியாவில் கிளாமிஸ் என்னும் இடத்தில் கடல் அலைபோல் எழுந்து நிற்கும் மணல்மேடுகள் உள்ளன. நன்றி நாள் விடுமுறையில் அங்கே இந்த டாய் ஹாலர்கள் ஊர்போலக் கூடுமாம். இப்போது அவருக்கு முதுகுவலி. அந்த ஆண்டு மணல் வண்டியில் ஒரு முறைதான் ஏறினாராம்.

அப்படியானால் அதை விற்றுவிட்டு இடத்தைத் தையலுக்குக் கொடுத்தால் தீர்ந்தது என்று தோன்றும். நானும் அப்படித்தான் கேட்டேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். கேட்கக் கேட்க எனக்கு நம் காண்டா கம்புதான் ஞாபகம் வந்தது. காண்டா தூக்கிய கைக்குத் தெரியும், இரு பக்க வாளியும் சமமாக இருந்தால்தான் நடை வரும். இந்த வண்டியின் சக்கரங்கள் சற்றுப் பின்தள்ளி இருக்கின்றன. அதன் மூக்கு, இழுத்துச் செல்லும் லோரியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பின்னால் பாரம் ஏற்றினால் மூக்கு இலேசாகும். அளவுக்கு மீறிப் பின்பாரம் ஏறினால் வண்டி வால் ஆட்டத் தொடங்கிவிடும். நெடுஞ்சாலையில் அது உயிருக்கே ஆபத்து. மோட்டார் ஏறும் என்று எண்ணியே செய்த வண்டியாதலால், பின்னறை காலியாக இருக்கும்போது மூக்கின் பாரம் முழுவதும் லோரி மேல் விழுகிறது. அவருடைய லோரி ஏற்கெனவே தாங்கும் எல்லையின் விளிம்பில் இருந்தது. மணல் வண்டியை எடுத்துவிட்டால் லோரியை மாற்ற வேண்டி வரலாம். ஆகவே ‘இடம்’ என்று அந்த அம்மையார் கேட்டதை அவர் ‘பாரம்’ என்ற கணக்கில்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அது மட்டுமா? தண்ணீரும் பாரம்தான். பாலைவனத்தில் குழாய் இல்லாததால் இவ்வகை வண்டிகளில் நூறு காலன் பிடிக்கும் தொட்டி சாதாரணம். அமெரிக்கக் காலன் கணக்கில் 378 லிட்டர், அதாவது 378 கிலோ. ஒரு பெரிய மோட்டார் சைக்கிளின் எடைக்கு அது குறைந்ததல்ல. முழுத் தொட்டியோடு ஓடுவதா, காலியாக ஓடிப் போன இடத்தில் நிரப்புவதா என்பதே அவர்களுக்கு ஒவ்வொரு பயணத்திலும் ஒரு யோசனை. புத்தகம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பத்துக்கு மேல் வைப்பதில்லை என்றார் கணவர். எனக்கு அந்த வாழ்க்கை சரிப்படாது என்று அந்த நொடியே முடிவு செய்துகொண்டேன்.

பக்கத்து வண்டியில் நடுவயதுக் கணவன் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவர்களுடையது சுவர் வைத்த வகை. மோட்டாரை ஒரேயடியாக வெளியேற்றிவிட்டு, பின்னறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். கதவை இறக்கி, இரு பக்கமும் கம்பி வடத்தில் தொங்கவிட்டு, சுற்றிலும் கைப்பிடிக் கம்பி மாட்டினால் அது திண்ணையாகிவிடுகிறது. நம் அஞ்சடியேதான்! அதில் அமர்ந்து அந்தப் பிள்ளைகள் தாயிடம் பாடம் படித்தார்கள். வீட்டிலேயே கற்பிப்பதற்கு அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. பாடத்தில் குறையில்லை என்றே எனக்குப் பட்டது. மூத்த பெண்ணிடம் உன் சிநேகிதிகள் எங்கே என்று கேட்டதற்கு, மூன்று மாநிலங்களின் பெயரைச் சொன்னாள்.

முகவரி விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வீடு இல்லாதவனுக்கு ஓட்டுநர் உரிமம் எந்த ஊரில்? கடிதம் எங்கே வரும்? இவர்களில் பலர் டெக்ஸாஸ், புளோரிடா, தென் டக்கோட்டா ஆகிய மாநிலங்களில் ஒன்றைச் சொந்த மாநிலமாக வைத்துக்கொள்கிறார்கள். டெக்ஸாஸில் லிவிங்ஸ்டன் என்னும் ஊரில், 1978-இல் தொடங்கிய ‘எஸ்கேப்பீஸ்’ என்னும் சங்கம் உறுப்பினர்களின் கடிதங்களை வாங்கி, அவர்கள் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைக்கிறது. தோட்டம் கைமாறியபோது லயத்தை விட்டுப் பெட்டியோடு இறங்கியவர்கள் நம்மில் உண்டு. முகவரியின் அருமையை அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாரும் விளையாடத்தான் அங்கே வருகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். நாற்பதடி வண்டிகளைத் தாண்டிப் போனால் பழைய வேன்கள், சிறு கார்கள். வாடகை கட்ட இயலாமல் வண்டியே வீடானவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். ஜெசிக்கா புரூடர் என்பவர் இவர்களைப் பற்றி 2017-இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலை எழுதினார். அது படமாகி 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. அங்கே நான் கண்ட ஒரு மூதாட்டியின் வேனில் கட்டில், அடுப்பு, வாளி மூன்றும் கையெட்டும் தூரத்தில் இருந்தன. நூறு சதுர அடியை மோட்டாருக்கு விட்டுக்கொடுப்பவரும், நூறு சதுர அடியே இல்லாதவரும் ஒரே குழாயடியில் வரிசையில் நின்று தண்ணீர் பிடிக்கிறார்கள். யாரும் யாரையும் ஏளனமாகப் பார்த்ததாக நான் காணவில்லை.

நாங்கள் விடைபெறப் போன அன்று, மணல் வண்டியின் முன்னால் விலை எழுதிய அட்டை ஒன்று தொங்கியது. விற்றுப் போனால் முன்பாரம் கூடும் அல்லவா? அதற்கு ஈடாகத் துணி அலமாரியையும் தையல் மேசையையும் பின்கதவை ஒட்டியே வைக்க வேண்டும் என்று கணவர் கணக்கு முடித்திருந்தார். குளிரும் புழுதியும் நுழைகின்ற இடம் அதுதான். அம்மையார் அதைப் பொருட்படுத்தவில்லை. அளவு நாடாவைத் தரையில் விரித்து, மேசைக் கால்கள் வரவேண்டிய நான்கு இடத்திலும் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக்கொண்டிருந்தார். அதுவரை ஒருவர்கூட விலை கேட்டு வரவில்லை.