கீழ் வீட்டுக் கணக்கு

ஒரு சின்ன டெஸ்ட். ஒரிஜின்ல இருந்து ரெண்டு கோடு கிளம்புது. ஒண்ணோட ஸ்லோப் 1, இன்னொண்ணோட ஸ்லோப் 7. நடுவுல இருக்கிற கோணத்தைச் சரிபாதியா வெட்டுற கோட்டோட ஸ்லோப் என்ன? '4'னு சொன்னவங்க கையைக் கொடுங்க பாஸ், நீங்க நம்ம ஜாதி!

நான் மொட்டை மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கிற மூணாவது வருஷ மெக்கானிக்கல். கீழ இருக்கிற ஹவுஸ் ஓனர் பொண்ணு ப்ளஸ் ஒன். அவளுக்கு மேத்ஸ் சொல்லிக்கொடுத்தா வாடகையில ஐந்நூறு ரூபாய் கழிச்சுக்குவாங்க. ஐந்நூறு ரூபாய்னா நமக்குப் பத்து நாள் டிபன், விடுவோமா?

ஆங்கிள் பைசெக்டர் வந்த அன்னிக்கு, ஃபார்முலா மறந்துபோச்சு. "ரெண்டு ஸ்லோப்பையும் கூட்டி ரெண்டால வகு"னு கூசாம சொல்லிட்டேன். 1, -1 போட்டுக் காட்டினேன். விடை பூஜ்யம், எக்ஸ் ஆக்சிஸ். கரெக்டா வந்துச்சு. அதுதான் வினை.

அவ பென்சிலைக் கடிச்சுக்கிட்டே கேட்டா: "அண்ணா, ஒரு கோடு நெட்டுக்குத்தா நின்னா அதுக்கு ஸ்லோப்பே கிடையாதே? அப்ப எதைக் கூட்டுறது?"

சத்தியமா எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். "இன்ஜினீயரிங் படிக்கிறவன் சொல்றேன், எழுதும்மா"ன்னேன். எழுதினா. கிளாஸ் டெஸ்ட்லயும் அதையே எழுதினா. அஞ்சு மார்க் கணக்கு, முட்டை.

பேப்பரைக் காட்டினப்போ அவ என்னைத் திட்டல. ஆன்ட்டி வழக்கம்போல காபி கொடுத்தாங்க. ஆனா அதுக்கப்புறம் ஒரு வாரம், நான் என்ன சொன்னாலும் "சரிண்ணா"ன்னு எழுதிக்கிட்டா. ஒரு கேள்வி கிடையாது. அந்த 'சரிண்ணா' இருக்கே... எங்க ஹெச்.ஓ.டி. திட்டுறதே தேவலை.

ராத்திரி கிராஃப் ஷீட்டும் பாகைமானியுமா உட்கார்ந்தேன். ஸ்லோப் 4 கோட்டை வரைஞ்சு அளந்தா ஒரு பக்கம் 31 டிகிரி, இன்னொரு பக்கம் 6 டிகிரி. பாதியாம், பாதி! அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு. பாதியாகுறது கோணம், ஸ்லோப் அந்தக் கோணத்தோட டேன். 45 டிகிரிக்கு 1. 80 டிகிரிக்கு 5.67. 89-க்கு 57.29! இப்படித் தாவுற ஆளைச் சராசரி எடுத்தா எப்படி?

சரியான வழி ரொம்ப சிம்பிள். ரெண்டு கோட்டுலயும் ஒரே தூரம் நடங்க. ரெண்டாவது கோட்டுல (1,7) வரைக்கும் தூரம் ரூட் 50. முதல் கோட்டுல (1,1) வரைக்கும் ரூட் 2, அதாவது அஞ்சுல ஒரு பங்கு. அதனால (5,5) வரைக்கும் போகணும். இப்ப ரெண்டு புள்ளிக்கும் நடுப்புள்ளி (3,6). அதை ஒரிஜினோட சேர்த்தா இருசமபக்க முக்கோணத்தை நட்ட நடுவுல பிளக்கிற கோடு. ஸ்லோப் 2. பாகைமானியை வெச்சேன். ரெண்டு பக்கமும் பதினெட்டரைக்குக் கொஞ்சம் கீழ. ஃபார்முலாவையும் தேடிப் பிடிச்சுப் போட்டேன். 2 வந்துச்சு, கூடவே -1/2 வந்துச்சு.

மறுநாள் ஆன்ட்டி இருக்கும்போதே சொன்னேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு. நீ கேட்டதுதான் சரி. உன் மார்க் போனது என்னாலதான்." ஐந்நூறு ரூபாய் போச்சுன்னுதான் நினைச்சேன். ஆன்ட்டி ஒண்ணும் சொல்லாம உள்ள போயிட்டாங்க. (இந்த மாசம் கழிச்சாங்களானு கேட்காதீங்க, வாடகை கொடுக்க இன்னும் நாலு நாள் இருக்கு!)

அவ கிராஃப் ஷீட்டையே பார்த்துட்டிருந்தா. ரொம்ப நேரம் கழிச்சு, "அப்ப அந்த -1/2 எதுக்குண்ணா?"ன்னா.

"வெளிப்பக்கக் கோணத்தை வெட்டுற கோடு. பெருக்கிப் பாரு, -1 வரும். ரெண்டும் செங்குத்து."

"சரி, வெறும் ஃபார்முலா போட்டா ரெண்டு விடை வருதே. எது சின்னக் கோணத்துக்குன்னு படம் வரையாம எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"இரும்மா, போட்டுப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்"ன்னேன்.